துடைத்த கத்தியில் துரு எப்படி வந்தது?

துருவோடு மல்லுக்கட்டத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பெயின்ட் சோதிக்கிற வேலை. இரும்புத் தகட்டில் இப்போது பெயின்ட் அடிக்கலாமா, பொறுக்க வேண்டுமா என்று சொல்கிற ஆள் நான். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கக் கூடாது. தகட்டின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படிய ஆரம்பிக்கிற சூட்டைவிட, 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாமல் தகடு வேர்த்திருக்கும், அதன்மேல் அடித்த பெயின்ட் செதில் செதிலாக உரிந்து வரும். இதை யாருக்காவது சொல்லாத நாள் கிடையாது.

அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரே வருடத்தில் மூன்று சவரக்கத்திகள் துருப்பிடித்தன. மூன்றுக்கும் மூன்று காரணம். அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது என்பதைப் பட்டறையில் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் கத்தி பெரியப்பாவுடையது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஐந்தடிப் பாதையில் நாற்காலி போட்டு முடி வெட்ட ஆரம்பித்தவர், பிறகு கடை எடுத்தார். எருமைக் கொம்பில் பிடி போட்ட மடக்குக் கத்தி, வால் பக்கத்தில் 'சோலிங்கன்' என்று பொறித்திருக்கும். ஜெர்மனியில் ஓர் ஊர் அது. அங்கே செய்த வெட்டுக்கருவிகளுக்கு மட்டும்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 1938-லேயே சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். பிளேடு மாற்றுகிற கத்தி வந்தபிறகு கடையில் இதற்கு வேலை இல்லாமல் போனது. தையல் மெஷின் எண்ணெயில் ஊறிய துணியில் சுற்றி ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்துவிட்டார். முப்பது வருடம் அப்படியே கிடந்தது.

2017 பொங்கலுக்குத் தோ பாயோவில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்துக் கொடுத்தார். "டின்னோட எடுத்துட்டுப் போடா" என்றார். முப்பது வருடத்தில் ஒரு புள்ளி துரு இல்லை. நான் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த மைலோ டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் வர ஒரு மாதிரியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் பார்த்து அழகான தோல் உறை ஒன்று வரவழைத்தேன். கத்தியை உறையில் போட்டு, குளியலறைக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். சனி, ஞாயிறு காலையில் அதில்தான் சவரம்.

ஏப்ரலில் முதல் புள்ளி. பாதிக் கடுகு அளவு, செம்பழுப்பு. முதுகில் வந்திருந்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். வந்தது வாயில், அதாவது வெட்டுகிற விளிம்பில். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் வாய் ஒரு மைக்ரானைவிட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லிசு, தலைமுடியே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். அவ்வளவு மெல்லிய இடத்தில் துரு உட்கார்ந்தால் தின்ன அங்கே இரும்பே கிடையாது, நேராகப் பொத்தல்தான். தாடையில் வைத்து இழுத்தபோது முடியைப் பிடுங்கியது. பொத்தல் மறையும்வரை சாணைக்கல்லில் வாயைத் தேய்த்துக்கொண்டு வர வேண்டும். ஒரு புள்ளிக்காகக் கத்தியின் ஆயுளில் சில வருடம் போனது.

பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தொடச்சியா?"

"தொடச்சுதான் வச்சேன் பெரியப்பா."

"தொடச்சியா, தொடச்சதா நெனச்சியா?"

அவர் கத்தியைத் திறந்து பிடியை மேலே தூக்கி, ஆணி இருக்கிற முனை கீழே வரும்படி உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். நான் அன்று காலை சவரம் செய்து, துடைத்து, எடுத்து வந்த கத்தி. அவர் உள்ளங்கையில் ஒரு துளி தண்ணீர் விழுந்தது.

பிடியின் இரண்டு தகடுகளுக்கும் கத்தியின் வாலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சந்து இருக்கிறது, ஆணி ஓடுகிற இடம். குழாயில் கத்தியைக் காட்டிக் கழுவும்போது தண்ணீர் அதில் ஏறிக்கொள்ளும். டவலால் எவ்வளவு துடைத்தாலும் அங்கே போகாது. மடக்கி வைத்தபிறகு மெதுவாகப் பிடிக்குள் இறங்கி, வாய் படுத்திருக்கிற இடத்துக்கு வந்து சேரும். அதற்குமேல் நான் உறையையும் போட்டு மூடியிருந்தேன். தோல் ஈரத்தைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்த்த உப்பும் அமிலமும் அதில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எடுத்துக்கொண்டு போக உறை சரி, வைத்துப் பாதுகாக்க ஆகாது. குளியலறை அலமாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீவக அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் நான்கு பேர் குளித்து முடித்தபிறகு எந்த இரும்பையும் அங்கே வைக்கக் கூடாது.

சரி, எண்ணெய் போட்டு வைத்தால் போச்சு என்று நினைத்தேன். வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய். கத்தியைக் கழுவி, துடைத்து, கையோடு எண்ணெய் தடவி, படுக்கையறை மேசை இழுப்பறைக்கு மாற்றினேன். இதில் இரண்டு தப்பு. முதல் தப்பு, ஈரம் முழுக்கப் போகுமுன் எண்ணெய் தடவியது. எண்ணெய் வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும், உள்ளே மாட்டிக்கொண்டதையும் வெளியே விடாது. இரண்டாவது, தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். சிங்கப்பூரில் எண்ணெய் உறைவதா என்று சிரிக்கலாம், ஆனால் என் படுக்கையறை ஏர்கான் 23-ல் ஓடும். காலையில் கத்திமேல் திட்டுத் திட்டாக வெள்ளை, நடுவில் எண்ணெயே இல்லாத இடம். மூன்று மாதத்தில் அது காறிப்போய்ப் பிசுபிசுவென்று ஆனது வேறு. சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாக ஆகக் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற தாது எண்ணெய் அப்படிக் கெடாது. பெரியப்பாவின் தையல் மெஷின் எண்ணெய் அந்த வகைதான். முகத்தில் படுகிற கத்தி என்பதால் நான் குழந்தைகளுக்குத் தடவுகிற பேபி ஆயிலுக்கு மாறினேன். வாசனை சேர்த்த தாது எண்ணெய்தான் அது, எந்தக் கடையிலும் கிடைக்கும். டபிள்யூடி-40 அடித்து வைக்கலாமே என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். பெயரிலேயே இருக்கிறது, தண்ணீரை விரட்டுகிற மருந்தின் நாற்பதாவது முயற்சி. விரட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மாதக்கணக்கில் காவல் காக்காது. அந்த வாடையோடு முகத்துக்குக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை.

அதற்குள் வீட்டில் இன்னும் இரண்டு கத்திகள் சேர்ந்துவிட்டன. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்போகிறார்கள் என்றதும் ஊரே அங்கே போய் நின்றது, நானும் போனேன். பழைய கடிகாரம், ஓடாத ரேடியோ, ஒற்றைச் செருப்புகளுக்கு நடுவில் ஒரு தாத்தா இரண்டு சவரக்கத்திகள் வைத்திருந்தார். ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது, மரப்பிடி. இன்னொன்றின் பிடி ஆமை ஓடு மாதிரி தேன் நிறத்தில் மின்னியது. இரண்டும் சேர்த்து 30 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பேரம் பேசவில்லை, அந்த வாரம் அங்கே பேரம் பேச மனசு வராது.

இப்போது எண்ணெயும் சரி, இடமும் சரி. ஆனாலும் மரப்பிடிக் கத்தியின் மேல்பக்கம் முழுக்க அக்டோபரில் மெல்லிய பழுப்புப் படலம். நான் அதை ஒரு மாதமாகத் தொடவே இல்லை, தண்ணீரும் காட்டவில்லை. இதற்குத்தான் ஈரமும் சூடும் அளக்கிற வேலையிடத்துக் கருவியை ஒருநாள் கடன் வாங்கி வந்தேன்.

இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குமேல் இருக்கும், வெயில் ஏறிய மதியத்தில் 60 பக்கம் இறங்கும். வருடச் சராசரியே 80-க்கு மேல். இரும்பு வேகமாகத் துருப்பிடிக்க ஏறக்குறைய 60 போதும். இந்தக் கணக்கில் ஏர்கான் அறைதான் வீட்டிலேயே நல்ல இடம், அது ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும். ராத்திரி முழுக்கக் கத்தி 23 டிகிரியில் சுகமாகப் படுத்திருக்கும். காலை ஆறரைக்கு என் மனைவி ஏர்கானை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பார். வெளியே 26 டிகிரி, ஈரம் 95. அந்தக் காற்றின் பனிநிலை 25. கத்தி இன்னும் 23-ல்தான் இருக்கிறது. கருவியில் எண்களைப் பார்த்ததும் எனக்கே என்மேல் கோபம் வந்தது. ஏர்கான் பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்கிறதே, அதேதான். தினமும் காலையில் கத்தி வேர்த்திருக்கிறது. அதையும் எப்படி? நான் அரைகுறையாகச் சாத்திய இழுப்பறைக்குள். கப்பலில் 3 டிகிரிக்காக நாற்பது பேரை நிறுத்திவைக்கிற ஆள் இதை யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து கத்திகள் காற்றுப் புகாத டப்பாவில். சாப்பாடு வைக்கிற, நான்கு பக்கமும் கிளிப் போடுகிற டப்பா. குளிரான இடத்திலிருந்து எடுத்தால் அரைமணி நேரம் மூடியபடியே வெளியில் வைத்துவிட்டுத்தான் திறப்பேன். வேர்ப்பதானால் டப்பா வேர்க்கட்டும்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். டப்பாவில் மூன்றையும் அடுக்கி, ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி, நிம்மதியாக இருந்தேன். பிப்ரவரியில் திறந்தபோது தேன் நிறப் பிடி போட்ட கத்தி மோசமாகக் கெட்டிருந்தது. அதை ஒட்டிப் படுத்திருந்த பெரியப்பா கத்தியிலும் ஒரு பக்கம் புள்ளிகள். தள்ளி இருந்த மரப்பிடிக்கு ஒன்றும் இல்லை.

டப்பாவிலிருந்து ஒரு வாடை. என் மனைவி சமையலறையிலிருந்தே கேட்டார்: "என்னங்க, கத்தியப் போய் சாமி அலமாரியிலயா வச்சிருந்தீங்க?"

கற்பூர வாசம். அதோடு கொஞ்சம் புளித்த, மூக்கைக் குத்துகிற நெடி. பிடிதான் அப்படி வாடை அடித்தது. அது செல்லுலாய்ட். செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, கற்பூரம் கலந்து செய்கிற பழைய பிளாஸ்டிக். அந்தக்காலச் சினிமாச் சுருள், 2014 வரைக்கும் போட்டிகளில் ஆடிய மேசைப்பந்துகள் எல்லாம் அதுதான். புதிதில் லேசாகக் கற்பூரம் மணக்கும், அதில் தப்பில்லை. வயதானபின் அது உள்ளுக்குள்ளேயே சிதைய ஆரம்பித்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் கக்கும். அந்த வாயு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும், அதாவது நம் ஊர் தட்பவெப்பம். நான் செய்ததோ, அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வாயு எங்கேயும் போகாமல் பார்த்துக்கொண்டது. கூடவே இரண்டு நல்ல கத்திகளையும் வைத்து.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. கத்தியைத் திறந்து பாருங்கள். பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் அரித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் பளிச்சென்று இருந்தால் சந்தேகம் பிடிமேல்தான். பிடியில் உள்ளே சிலந்தி வலை மாதிரி விரிசல், ஓரம் நொறுங்குவது, புளித்த நெடி, இவையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். எண்ணெய் எவ்வளவு தடவினாலும் காப்பாற்றாது, பிடியைக் கழற்றத்தான் வேண்டும். செல்லுலாய்ட் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் டிரில் போடாமல், ஆணித் தலையை அரத்தால் மெல்ல ராவிக் கழற்றினேன். இப்போது அதற்கு அக்ரிலிக் பிடி. அழகில் கால்வாசி போய்விட்டது. எல்லாச் செல்லுலாய்டும் கெட்டுவிடாது, நூறு வருடம் கடந்து நன்றாக இருப்பவையும் உண்டு. அப்படி இருந்தால் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள், மற்ற கத்திகளோடு சேர்த்து அடைக்காதீர்கள்.

சின்னத் தப்புகளும் இரண்டு உண்டு. நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது மரப்பிடிக் கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொடுத்தார். நான் அப்படியே டப்பாவில் வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து அவருடைய கட்டைவிரல் ரேகை சுழி சுழியாக, அச்சடித்த மாதிரி, பழுப்பு நிறத்தில் கத்திமேல் நின்றது. வியர்வை உப்பு. போலீஸாரே அவ்வளவு தெளிவாக எடுக்க முடியாது. இன்னொன்று படிகாரம். சவரம் முடித்ததும் முகத்தில் படிகாரம் தேய்ப்பது பெரியப்பா கற்றுக்கொடுத்தது, ஆனால் தேய்த்த கையோடு கத்தியைத் தொட்டால் அந்த உப்பு இரும்பை அரிக்கும். முதலில் கத்தி, அப்புறம்தான் படிகாரம்.

இப்போது என் வழக்கம் இதுதான். கழுவும்போது குழாயை மெல்லிசாகத் திறந்து, வாய் கீழே பார்க்க, நுனியைத் தாழ்த்திப் பிடிப்பேன். தண்ணீர் நுனி வழியாக இறங்க வேண்டும், ஆணிப் பக்கம் போகவே கூடாது. டிஷ்யூவால் முதுகிலிருந்து வாய் நோக்கித் துடைப்பேன், குறுக்கே ஒருபோதும் இல்லை, விரலும் போகும் வாயும் போகும். பிறகு டிஷ்யூவைத் திரித்து, பிடியின் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் விட்டு, பல்லுக்கு நூல் விடுகிற மாதிரி இழுப்பேன். இங்கே சாப்பாட்டுக்கடையில் இடம் பிடிக்க மேசையில் டிஷ்யூ பொட்டலம் போடுகிறோமே, அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு தாள் போதும். அது ஈரமில்லாமல் வெளியே வரும்வரை விடுவதில்லை. கத்தியைப் பாதி திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம். வேலை நாளென்றால் சாயங்காலம் வரைக்கும். அதன்பிறகு கத்தி தீட்டுகிற தோல்வாரின் துணிப் பக்கத்தில் இருபது தடவை இழுத்தால் வாயில் ஒட்டிய மிச்ச ஈரமும் போய்விடும். அடுத்த வாரமே எடுக்கிற கத்திக்கு எண்ணெய்கூட வேண்டாம். மற்றவைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளி பேபி ஆயில், ஆணியில் ஒரு துளி. எண்ணெய் பளபளவென்று தெரிந்தால் அதிகம், விரலில் வழுக்கினால் போதும். திரும்ப எடுக்கும்போது எண்ணெயைத் துடைக்காமல் தோல்வாரில் போடாதீர்கள், வார் கெட்டுவிடும்.

சிலிக்கா ஜெல்லை நம்பலாம், ஆனால் அதற்கும் வயிறு நிறையும். ஆரஞ்சு நிறத்து மணிகள் நிரம்பினால் பச்சையாகும். ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு. நிறம் மாறாத வெள்ளைப் பொட்டலங்கள், அதாவது ஷூ பெட்டியில் வருபவை, நம் கைக்கு வருமுன்பே நிரம்பியிருக்கலாம். அதனால்தான் கடைசியில் மகளின் கேமரா அலமாரியில் கண் வைத்தேன். இங்கே படம் பிடிக்கிறவர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வைத்திருக்கும், மின்சாரத்தில் ஓடும் உலர் அலமாரி.

"அப்பா, அது என் லென்ஸுக்கு."

"கீழ்த்தட்டு மட்டும்மா."

"எண்ணெய் வழியக் கூடாது."

வழியவில்லை. அவள் ஈரப்பதத்தை 45 சதவீதத்தில் வைத்திருக்கிறாள், அது கத்திக்கும் சரி. அதைவிட மிகக் கீழே இறக்கினால் இரும்புக்கு இன்னும் நல்லதுதான், ஆனால் கொம்பும் மரமும் காய்ந்து வளையும், வெடிக்கும். பெரியப்பா கத்தியின் கொம்புப் பிடிக்கு மாதம் ஒருமுறை அதே எண்ணெயை விரலில் தொட்டுத் தடவுகிறேன்.

துருப்பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சுருக்கமாக: கறுப்பாக, தடவினால் வழவழப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது பழகிய இரும்பின் நிறம். சிவப்பாக, கையில் ஒட்டினால் எடுக்க வேண்டும். உலோகம் துலக்கும் பசையை விரலில் தொட்டு முதுகுப் பக்கமே தேயுங்கள். வாயில் இருந்தால் அது சாணைக்கல்லின் வேலை. வினிகரில் ஊறப்போடாதீர்கள், நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். நான் அவசரத்தில் உப்புத்தாள் போட்டு, ஷெஃபீல்ட் கத்தியில் பொறித்திருந்த பூவேலையில் பாதியை அழித்துவிட்டேன். துருவே இருந்திருக்கலாம். எவர்சில்வரில் சவரக்கத்தி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்பவர்களுக்கு: குறையும், ஒழியாது. குரோமியம் 10.5 சதவீதத்துக்குமேல் இருப்பதால் துரு மெதுவாக வரும், அவ்வளவுதான். கப்பலில் தினம் பார்க்கிறேன்.

போன வருடம் ஐந்து வாரம் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மகளுக்கும் தேர்வு முடிந்து நண்பர்களோடு பயணம். வீட்டில் யாரும் இல்லை, மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போகவேண்டும் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எண்ணெய் அத்தனை நாள் தாங்காது என்று வாசலினைக் கத்திகளில் பூசினேன், இரண்டு பக்கமும், ஆணியிலும். ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் சுற்றினேன். பிறகு பெரியப்பாவுக்குப் போன் போட்டு, அந்த மைலோ டின் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "அன்னிக்கே சொன்னேன்ல" என்றார், மேலே ஒன்றும் சொல்லவில்லை. போய் வாங்கி வந்தேன், இந்தத் தடவை எம்ஆர்டியில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். மூன்று கத்திகளும் அதில் சரியாக அடங்கின.

திரும்பி வந்து திறந்து பார்த்தேன். கத்திகளில் ஒரு புள்ளி இல்லை. டின் மூடியின் உள்பக்கம்தான் விளிம்பு முழுக்கத் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் தடவாமல் விட்டது அதற்கு மட்டும்தான்.